நீளம் போதவில்லை என்று சேர்த்த பாட்டு: ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ பிறந்த விதம்

கிட்டார் வாங்கிய ஆள் முதல் வாரத்திலேயே வாசித்துக் காட்டுகிற துண்டு என்று ஒன்று இருந்தால் அது டீப் பர்ப்பிள் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ தொடக்கமாகத்தான் இருக்கும். கிட்டார் விற்கிற கடைகளில் இதை வாசித்துப் பார்க்கத் தடை என்று சொல்லும் கேலி உலகம் முழுக்க இருக்கிறது. கேட்டுக் கேட்டுக் கடைக்காரர்களுக்குக் காது புளித்துவிட்டது, பாவம். ஆனால் இவ்வளவு பேர் வாசித்த அந்த ரிஃபுக்கு, அதாவது திரும்பத் திரும்ப வருகிற அந்தச் சின்ன இசைத் துண்டுக்கு, பின்னால் இருக்கும் கதையைப் பலரும் கொஞ்சம் முன்பின்னாகத்தான் சொல்கிறார்கள். சூதாட்ட விடுதி எரிந்தது, குழு அதை ஜன்னல் வழியாகப் பார்த்தது, உடனே பாட்டு எழுதியது, பாட்டு ஹிட் ஆனது என்று நேர்க்கோட்டில் முடித்துவிடுவார்கள். நடந்த வரிசை அப்படி இல்லை. எரிந்தது உண்மை, பார்த்ததும் உண்மை. ஆனால் இசை தனியாக, பெயர்கூட இல்லாமல் பதிவாகிக் கிடந்தது. வரிகள் கடைசியில்தான் வந்தன, அதுவும் ஆல்பத்துக்கு நீளம் போதவில்லை என்பதற்காக. ஹிட் ஆக ஒன்றரை வருடம் பிடித்தது.

சரி, முதலிலிருந்து வருவோம்.

1971 இலையுதிர்காலம். டீப் பர்ப்பிளின் இரண்டாவது அணி: பாடகர் இயன் கில்லன், கிட்டாரில் ரிச்சி பிளாக்மோர், ஆர்கனில் ஜான் லார்ட், பேஸ் கிட்டாரில் ரோஜர் குளோவர், டிரம்ஸில் இயன் பேய்ஸ். கில்லனுக்கு மஞ்சள் காமாலை வந்து அமெரிக்கச் சுற்றுப்பயணம் ரத்தானது. அடுத்த ஆல்பத்தை வழக்கமான ஸ்டுடியோவில் பண்ண வேண்டாம், மேடையில் வாசிக்கிற மாதிரி சத்தம் கிடைக்கிற பெரிய அரங்கில் பண்ணலாம் என்று அவர்களுக்கு ஆசை. அப்போது ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவிடம் ஒரு லாரி இருந்தது. உள்ளே முழு ரெக்கார்டிங் ஸ்டுடியோ, 16 டிராக் இயந்திரத்தோடு. எங்கே வேண்டுமானாலும் ஓட்டிப்போய் நிறுத்தி, கேபிளை உள்ளே இழுத்துப் பதிவு செய்யலாம். வாடகைக்கும் கொடுத்தார்கள். அந்த லாரியை எடுத்துக்கொண்டு சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள மோன்த்ரூ நகரத்துக்குப் போனார்கள்.

அங்கே 1881-இல் கட்டிய கேசினோ. அதில் சூதாட்டம் மட்டுமில்லை, கச்சேரி அரங்கமும் உண்டு. 1967-இல் மோன்த்ரூ ஜாஸ் விழாவைத் தொடங்கிய க்ளோட் நோப்ஸ் அங்கேதான் நிகழ்ச்சிகளை நடத்திவந்தார். குளிர்காலத்துக்கு மூடும்போது கட்டடம் சும்மாதான் கிடக்கும், நீங்கள் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று டீப் பர்ப்பிளுக்குச் சொல்லிவிட்டார். மூடுவதற்கு முன் ஒரே ஒரு கச்சேரி பாக்கி. டிசம்பர் 4, சனிக்கிழமை பிற்பகல், அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவும் அவருடைய மதர்ஸ் ஆஃப் இன்வென்ஷன் குழுவும்.

கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே கூட்டத்தில் ஒருவர் கூரையைப் பார்த்து ஃப்ளேர் துப்பாக்கியால் சுட்டார். கப்பல்காரர்கள் ஆபத்தில் வானத்தில் வெளிச்சம் காட்டச் சுடுவார்களே, அது. கூரையில் பிரம்பு வேய்ந்திருந்தது. பிடித்துக்கொண்டது. அந்தக் கச்சேரியைக் கூட்டத்திலிருந்து யாரோ திருட்டுத்தனமாகப் பதிவு செய்திருக்கிறார்கள், பிற்பாடு ஸாப்பாவே அதை அதிகாரபூர்வமாக வெளியிட்டார். அமைதியாக வாசல் பக்கம் நகருங்கள் என்று மேடையிலிருந்து சொல்வது அதில் கேட்கும். யாரும் சாகவில்லை, அதுதான் பெரிய விஷயம். நோப்ஸ் உள்ளேயும் வெளியேயுமாக ஓடிப் பிள்ளைகளை இழுத்து வெளியே விட்டார். கட்டடம் முழுதாகப் போனது, ஸாப்பாவின் கருவிகள் எல்லாம் போயின. டீப் பர்ப்பிள் ஆட்கள் ஓட்டலுக்குத் திரும்பி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மலையிலிருந்து இறங்கிய காற்று புகையை ஏரிமேல் தள்ளிக்கொண்டு போனது.

ஸாப்பாவுக்கு அந்த மாதம் இன்னும் மோசமாகப் போனது. வாடகைக் கருவிகளோடு டிசம்பர் 10 அன்று லண்டன் ரெயின்போ அரங்கில் வாசித்தார். கூட்டத்தில் ஒருவன் மேடையேறி அவரை ஆர்க்கெஸ்ட்ரா உட்காரும் பள்ளத்துக்குள் தள்ளிவிட்டான். கால் முறிந்தது, குரல்வளை நசுங்கி அவருடைய குரலே கொஞ்சம் கட்டையாகிவிட்டது. பல மாதம் சக்கர நாற்காலி. டீப் பர்ப்பிள் பாட்டைக் கேட்கிறவர்களுக்கு ஸாப்பா என்பது ஒரு வரியில் வந்துபோகிற பெயர், அவ்வளவுதான். அந்த வாரத்தில் உண்மையிலேயே எல்லாம் இழந்தவர் அவர்.

இப்போது டீப் பர்ப்பிளிடம் வாடகைக்கு எடுத்த லாரி இருக்கிறது, வாசிக்க இடமில்லை. நோப்ஸ் அலைந்து திரிந்து பெவிலியன் என்ற பழைய அரங்கத்தைப் பிடித்துக் கொடுத்தார். ஊருக்கு நடுவே இருந்த இடம். ராத்திரியில் இந்தக் குழு வாசிக்கிற சத்தத்துக்கு ஊர் தூங்குமா? போலீஸ் வந்து கதவைத் தட்டியது. உள்ளே பிளாக்மோர் புதிதாக ஒரு ரிஃப் வைத்திருந்தார், அதை வைத்து ஒரு பின்னணி டிராக் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு டேக்காவது, அதாவது தொடக்கம் முதல் முடிவுவரை ஒரு பதிவாவது, முழுசாக முடியட்டும் என்று குழுவின் உதவியாளர்கள் கதவை உள்பக்கமாகப் பிடித்துக்கொண்டு நின்றார்களாம். டேக் முடிந்தது, கதவு திறந்தது, இடம் காலி. டேப் பெட்டியில் அந்த டிராக்குக்கு ‘தலைப்பு எண் 1’ என்று எழுதி வைத்துவிட்டு எல்லோரும் அதை மறந்துபோனார்கள்.

அந்த டிராக்தான் ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’. அதில் தீயும் இல்லை, புகையும் இல்லை. வெறும் ரிஃப்.

மீதி ஆல்பம் முழுவதும் பதிவானது ஊருக்குக் கொஞ்சம் தள்ளி, தெரித்தே என்ற இடத்தில் குளிர்காலத்துக்காக மூடிக் கிடந்த கிராண்ட் ஓட்டலில். முகப்புக் கூடத்தை ஒட்டிய நடைபாதைதான் ஸ்டுடியோ. எதிரொலியை அடக்க மெத்தைகளைக் கொண்டுவந்து சாத்தினார்கள். குளிர் வேறு. லாரி வெளியே நின்றது, வாசித்ததைப் போட்டுக் கேட்க வேண்டுமென்றால் அறைகள் வழியாக, பால்கனி வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ரெண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு, இனிமேல் போட்டுக் கேட்பதே வேண்டாம், வாசிக்கும்போதே சரியென்று தோன்றினால் சரி என்று விட்டுவிட்டார்கள். லாரிக்குள் இருந்தது மார்ட்டின் பர்ச் என்ற இன்ஜினியர். பின்னாளில் அயர்ன் மெய்டன் ஆல்பங்களை வரிசையாகத் தயாரித்தவர் இவர்தான். இந்த நடைபாதை வேலை அவருக்கு நல்ல பயிற்சியாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

டிசம்பர் 21-க்குள் வேலை முடிந்தது. கணக்குப் பார்த்தால் ஆல்பத்துக்கு இன்னும் சில நிமிடங்கள் குறைகிறது. அப்போதுதான் பெவிலியனில் முதலில் அடித்த அந்த டிராக்கின் நினைவு வந்தது. அதற்கு வரிகள் வேண்டும். தீ விபத்துக்கு ஓரிரு நாள் கழித்துக் காலையில் தூக்கம் கலையும்போது குளோவர் வாயில் தானாக வந்த சொற்கள்தான் ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’. கில்லனிடம் சொன்னபோது, போதைப்பொருள் பாட்டு மாதிரி இருக்கிறதே, நாம் குடிக்கிற குழுவாயிற்றே என்று தயங்கியிருக்கிறார். ஆனால் நேரம் இல்லை, விஷயமும் கையில் இருக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டார்கள்.

என் பார்வையில் இந்தப் பாட்டின் அதிர்ஷ்டமே இதுதான். இதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை, அதனால் யாரும் இதைப் போட்டுக் குழப்பவில்லை. அந்தக் காலத்து ஹார்ட் ராக் வரிகளில் மந்திரவாதி வருவான், பேய் வரும், வேகமான கார் வரும், பெண் வருவாள். இதில் ஊர் பெயர் வருகிறது, ஏரி வருகிறது, நாங்கள் லாரியோடு வந்தோம் என்று வருகிறது, ஸாப்பாவின் குழு பெயர் வருகிறது, சுட்டவன் ஏதோ ஒரு முட்டாள் என்று வருகிறது, நோப்ஸுக்கு ஒரு செல்லப்பெயர் வைத்து அவர் பிள்ளைகளை இழுத்துக் காப்பாற்றியது வருகிறது, ஓட்டல் காலியாகவும் குளிராகவும் கிடந்தது, பழைய கட்டில்களும் சிவப்பு விளக்குகளும் இருந்தன என்பதுவரை வருகிறது. மறுநாள் நாளிதழில் வந்திருந்தால் உள்ளூர்ப் பக்கத்தில் போட்டிருப்பார்கள். உவமை கிடையாது. கண்ணால் பார்த்த புகைதான் பல்லவியே. ஹிரோஷிமா, கடவுள், போதை என்றெல்லாம் இதற்குப் பொருள் தேடுகிறவர்கள் ஒருமுறை வரிகளை நிதானமாகப் படித்தால் போதும், ஏமாந்துபோவார்கள்.

ரிஃப் பக்கம் வருவோம். இங்கே கொஞ்சம் நிற்கத் தோன்றுகிறது, ஏனென்றால் “ரொம்ப ஈஸி” என்று சொல்லி இதைக் கடந்துபோய்விடுகிறார்கள். நம் கணக்கில் ‘ஜி’ சுரத்தை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் ச-க-ம, அப்புறம் ச-க என்று போய் மேல் மத்யமத்தைத் தொட்டுக் கீழ் மத்யமத்துக்கு இறங்குவது, மறுபடி ச-க-ம-க-ச. சாதாரண காந்தாரம், பக்கத்துப் பக்கத்திலேயே பிரதி மத்யமமும் சுத்த மத்யமமும். அந்தப் பிரதி மத்யமத் தொடுதல் ப்ளூஸ் மரபிலிருந்து வருவது, அதை எடுத்துவிட்டு வாசித்துப் பாருங்கள், பள்ளிக்கூடப் பிரார்த்தனை மாதிரி ஆகிவிடும். மொத்தம் நான்கு சுரம்தான்.

ஆனால் பிளாக்மோர் இதை ஒற்றைச் சுரமாக வாசிக்கவில்லை. ஒவ்வொரு சுரத்துக்கும் கீழே நான்காம் இடைவெளியில் இன்னொரு சுரத்தைச் சேர்த்து இரண்டு தந்தியாக மீட்டுகிறார். ஷட்ஜத்துக்குக் கீழே மந்தர பஞ்சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆம்ப்ளிஃபையரை முறுக்கி ஒலியைச் சிதைக்கும்போது இரண்டு சுரம் சேர்ந்தால் அவற்றின் அதிர்வெண் வித்தியாசத்தில் மூன்றாவதாக ஒரு சுரம் தானாக எழும். இந்த இரண்டு சுரங்களின் விகிதம் 3-க்கு 4. வித்தியாசம் 1. அதாவது மேல் சுரத்துக்குச் சரியாக இரண்டு ஸ்தாயி கீழே அதே சுரம். எண்ணாகவே சொன்னால், கீழ்த் தந்தி சுமார் 147 ஹெர்ட்ஸ், மேல் தந்தி 196, எழுகிற நிழல் சுரம் 49. கிட்டார் ஒன்றே ஒன்று வாசித்தாலும் அடியில் பேஸ் இருப்பது போன்ற கனம் கிடைப்பது இதனால்தான். சின்ன இடைவெளிகளை இப்படி முறுக்கினால் சேறாகிவிடும்.

இன்னொன்று, அவர் இதற்குப் பிளெக்ட்ரம் (தந்தியை மீட்டுகிற சின்னத் தகடு) பிடிப்பதில்லை. விரல்களால் இரண்டு தந்தியையும் ஒரே நொடியில் கிள்ளுகிறார். பிளெக்ட்ரம் என்றால் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் தந்தி அதிரும், அந்த மயிரிழைத் தாமதத்தில் வெட்டு மழுங்கிவிடும். கடைகளில் கேட்கிற நூற்றுக்குத் தொண்ணூறு ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ தவறாகக் கேட்பதற்கு இந்த இரண்டும்தான் காரணம்: ஒற்றைத் தந்தி, அல்லது ஐந்தாம் இடைவெளியில் பிளெக்ட்ரம் போட்டு வருடுவது. (நூற்றுக்குத் தொண்ணூறு என்பது எரிச்சலில் சொல்வது, யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.)

அப்புறம் ஜான் லார்ட். மற்ற குழுக்களில் ஆர்கன் என்றால் பின்னால் மெத்தை விரிப்பதுபோல நீளமாகப் பிடித்துக்கொண்டிருக்கும். இவர் தன் ஹேமண்ட் ஆர்கனை கிட்டார்காரர்கள் வைத்துக்கொள்ளும் மார்ஷல் ஆம்ப்ளிஃபையரில் செருகி, அதே ரிஃபை அதே உறுமலோடு கூடவே வாசிக்கிறார். எது தந்தி, எது கட்டை என்று பிரிக்க முடியாத ஒரே கட்டி ஒலி. தொடக்கத்தைக் கவனித்துக் கேளுங்கள்: கிட்டார் தனியாக வரும், பிறகு பேய்ஸின் ஹை-ஹாட் தட்டும் ஆர்கனும், பிறகு மற்ற டிரம்ஸ், எல்லாம் வந்த பிறகுதான் குளோவரின் பேஸ். குரல் கடைசி. ஒவ்வொருவராக அறைக்குள் நுழைவது தெரியும். பல்லவியில் ரிஃபின் நான்கு சுரத்துக்கு வெளியே கால் வைக்கிறார்கள், ஷட்ஜத்துக்கு அரைச்சுரம் மேலே உள்ள கார்டிலிருந்து (சில சுரங்களைச் சேர்த்து மீட்டுவது) ஷட்ஜத்துக்கு இறங்குகிற அந்த இடத்தில் ஒரு இருட்டு வரும். ஒரே ஒரு இடம்தான், ஆனால் அதுவரை சிக்கனமாக இருந்ததால் அது போதுமானதாக இருக்கிறது.

ரிஃப் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பிளாக்மோர் ஒருமுறை பேத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியைத் தலைகீழாகப் போட்டது என்றார், அவருக்கு நிறையப் பணம் பாக்கி வைத்திருக்கிறேன் என்றும் சேர்த்துக்கொண்டார். முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு இப்படிச் சொல்வதில் அவர் கெட்டிக்காரர், அதனால் அதை அந்த அளவிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

‘மெஷின் ஹெட்’ ஆல்பம் 1972 மார்ச்சில் வந்தது. பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. சிங்கிளாக, அதாவது தனி இசைத்தட்டாக, அவர்கள் தேர்ந்தெடுத்தது ‘நெவர் பிஃபோர்’ என்ற பாட்டை. ஹிட் ஆகும் என்று நினைத்து மெனக்கெட்டு மெருகேற்றிய பாட்டு. அது பிரிட்டனில் 35-ஆம் இடத்தோடு நின்றது. இன்று எத்தனை பேருக்கு அது நினைவிருக்கிறது? ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டாகச் சும்மா உட்கார்ந்திருந்தது.

அதைத் தூக்கிவிட்டது மேடை. 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் மூன்று இரவுகள் வாசித்ததை ஜப்பானுக்கு மட்டும் என்று நினைத்துப் பதிவு செய்தார்கள், அது ‘மேட் இன் ஜப்பான்’ ஆகி எல்லா நாடுகளிலும் விற்றது. அமெரிக்க ரேடியோக்களில் இந்தப் பாட்டு ஓடத் தொடங்கிய பிறகு 1973 மே மாதம் அங்கே சிங்கிளாக விட்டார்கள், ஒரு பக்கம் வெட்டிச் சுருக்கிய ஸ்டுடியோ வடிவம், மறுபக்கம் ஜப்பான் மேடை வடிவம். ஜூலையில் அமெரிக்காவின் பில்போர்டு ஹிட் பட்டியலில் நான்காம் இடம். ஆனால் அப்போது அந்த அணியே இல்லை. கில்லன் 1972 டிசம்பரிலேயே விலகல் கடிதம் கொடுத்துவிட்டார், 1973 ஜூன் 29 அன்று ஒசாகாவில் கடைசிக் கச்சேரி பாடிவிட்டுக் கிளம்பிவிட்டார், குளோவரும் கூடவே வெளியேறினார். அமெரிக்கா முழுக்க அவர்களுடைய பெரிய ஹிட் ஓடிக்கொண்டிருக்கும்போது பாடியவரும், தலைப்புக் கொடுத்தவரும் குழுவில் இல்லை.

அதற்குப் பின் பாட்டு தன் வழியில் போனது. 1974-இல் குழுவுக்குப் புதிதாக வந்த டேவிட் கவர்டேலும் க்ளென் ஹியூஸும் இதைப் பாடினார்கள். 1983-84-இல் கில்லன் பிளாக் சப்பாத்தில் கொஞ்சகாலம் இருந்தபோது அந்தக் குழுவும் இதை மேடையில் வாசித்தது, சப்பாத் ரசிகர்கள் பலருக்கு அது இன்றைக்கும் ஆறாத புண். 1988 டிசம்பரில் ஆர்மீனியாவில் பூகம்பம் வந்து சுமார் 25,000 பேர் இறந்தபோது நிவாரணத்துக்காக லண்டனில் கூடி மறுபதிவு செய்யத் தேர்ந்தெடுத்ததும் இந்தப் பாட்டைத்தான். பிளாக்மோரோடு பிரையன் மே, டோனி அயோமி, டேவிட் கில்மோர், அலெக்ஸ் லைஃப்சன் எல்லோரும் கிட்டார் வாசித்தார்கள், கில்லனோடு புரூஸ் டிக்கின்சனும் பால் ராட்ஜர்ஸும் பிரையன் ஆடம்ஸும் பாடினார்கள். நல்ல காரியம், ஆனால் இசையாக எனக்கு ஒட்டவில்லை. சிக்கனத்தில் நிற்கிற பாட்டில் இத்தனை பேர் நுழைந்தால் இப்படித்தான் ஆகும். அதேசமயம் 2007-இல் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் 1,600-க்கும் அதிகமானோர் ஒன்றாகக் கூடி இந்த ரிஃபை வாசித்துச் சாதனை படைத்தபோது யாரும் அதில் இசையைத் தேடவில்லை. தெரிந்த ரிஃபை எல்லோரும் சேர்ந்து அடிக்கிற குஷி, அவ்வளவுதான்.

மோன்த்ரூவைப் பொறுத்தவரை, கேசினோவை 1975-இல் திரும்பக் கட்டினார்கள். அதற்குள்ளேயே மவுண்டன் ஸ்டுடியோஸ் என்ற ஒலிப்பதிவுக்கூடம் வந்தது, 1979-இல் குவீன் குழு அதை விலைக்கு வாங்கிப் பல வருடம் நடத்தியது. பதிவு செய்ய வந்த குழுவுக்கு இடமில்லாமல் போன அதே முகவரியில் பிறகு உலகத்தரமான ஸ்டுடியோ. நோப்ஸ் 2013 ஜனவரியில் இறக்கும்வரை ஜாஸ் விழாவை விடவில்லை, டீப் பர்ப்பிளும் அங்கே பலமுறை திரும்பிப்போய் வாசித்தது. 2024-இல் ‘மெஷின் ஹெட்’ ஆல்பத்தைப் புதிதாக மிக்ஸ் செய்து வெளியிட்டார்கள். அந்த வேலையைச் செய்தவர் ட்வீஸில் ஸாப்பா, ஃபிராங்க் ஸாப்பாவின் மகன். அப்பாவின் கருவிகள் எல்லாம் எரிந்த நாளைப் பற்றிய பாட்டின் டேப்பை மகன் உட்கார்ந்து மிக்ஸ் செய்திருக்கிறார்.

எந்த வடிவத்தைக் கேட்பது என்று கேட்டால், முதலில் 1972 ஸ்டுடியோ வடிவம், 5 நிமிடம் 40 விநாடி, சுருக்காத முழுசு. சிங்கிளுக்காக வெட்டியதைத் தவிர்க்கலாம். ரெண்டாவதாக ‘மேட் இன் ஜப்பான்’ வடிவம், ஆகஸ்ட் 15 ஒசாகா. அதன் முடிவில் பிளாக்மோரும் லார்டும் மாறிமாறிக் கேள்வி பதில் போல வாசிக்கிற பகுதி ஸ்டுடியோ வடிவத்தில் கிடையாது. ஹெட்ஃபோன் இருந்தால் ஸ்டுடியோ வடிவத்தில் பாட்டு தேய்ந்து மறைகிற இடத்தில் ஒலியைக் கூட்டி வையுங்கள், லார்ட் அங்கே தனியாக விளையாடிக்கொண்டிருப்பார், ரேடியோவில் எப்போதும் அந்த இடத்தில்தான் அறிவிப்பாளர் பேச ஆரம்பித்துவிடுவார்.